லாகின் ஆன அடுத்த நொடியே மறுபடி லாகின் பக்கம்: ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் செஷன் குக்கீ நிற்கவில்லை

நடுநிசி_நிரல்

வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டுங்கள்.

நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது), எக்ஸ்பிரஸ் (அதன் வலைச் சட்டகம்) கொண்டு எழுதிய ஒரு நிர்வாகப் பக்கம். /பேனல்/ என்ற பாதையில் இருக்கிறது. லாகின் ஆனவரை நினைவில் வைக்கும் செஷனுக்கு எக்ஸ்பிரஸ்-செஷன் நூலகம், செஷன் எண்ணைக் குக்கீயாகப் பிரவுசரிடம் தரும். முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது வெளிக் கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் சர்வராக, என்ஜின்எக்ஸ். எச்டிடிபிஎஸின் மறையாக்கமான டிஎல்எஸ் அதிலேயே முடிந்துவிடும். 443 போர்ட்டில் வாங்கி, உள்ளே 127.0.0.1:3000க்கு வெறும் எச்டிடிபியாகத் தள்ளும்.

சரியான கடவுச்சொல் கொடுத்தால் 302 (வேறு பக்கத்துக்குப் போ என்ற ரீடைரக்ட் பதில்) வந்து /பேனல்/ போகிறது. அங்கிருந்து உடனே இன்னொரு 302, திரும்ப லாகின் பக்கம். பிழைச்செய்தி எங்கேயும் இல்லை. தவறான கடவுச்சொல் கொடுத்தால் தவறு என்று ஒழுங்காகச் சொல்கிறது, ஆக சரிபார்ப்பு நடக்கிறது. என் கணினியில் பிராக்ஸி இல்லாமல் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை.

இதுவரை செய்தவை: சேம்சைட்டை (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையில் குக்கீ போகலாமா என்ற அமைப்பு) லாக்ஸ், நன் என்று மாறிமாறி வைத்தேன். குக்கீயின் பாத் (எந்தப் பாதைகளுக்கு அது போகும் என்பது) முன்பு /பேனல் என்று இருந்தது, அதை வெறும் / ஆக்கினேன். டொமைன் சேர்த்தேன், எடுத்தேன். பிராக்ஸி_குக்கீ_பாத் சேர்த்தேன். எக்ஸ்பிரஸில் டிரஸ்ட் பிராக்ஸி (முன்னால் உள்ள எத்தனை பிராக்ஸியை நம்பலாம் என்பது) ஆரம்பத்திலிருந்தே 1. அந்த பிராக்ஸி_குக்கீ_பாத் தவிர என்ஜின்எக்ஸ் பக்கம் நான் வேறு எதையும் தொடவில்லை. மூன்று நாள் முன்பு வரை எல்லோரும் இதே அமைப்பில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்று ஆப்பின் புதிய பதிப்பை ஏற்றினோம், மறுநாளிலிருந்து இப்படி. அதில் லாகினைச் சேர்ந்த ஒரு வரிகூட மாறவில்லை.

கட்டளைவரி

நண்பரே, முதலில் ஒரு வேண்டுகோள்: இனி எதையும் மாற்றாதீர்கள். மாற்றியதையெல்லாம் ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் பின்னால் தேவைப்படும்.

குக்கீ ஒரு முழுச் சுற்று போய் வர வேண்டும். ஆப் தன் பதிலின் ஹெடரில், அதாவது தலைப்பு வரிகளில், குக்கீயை வைக்கச் சொல்லும் செட்-குக்கீ அனுப்ப வேண்டும். என்ஜின்எக்ஸ் அதைக் கெடுக்காமல் வெளியே விட வேண்டும். பிரவுசர் ஏற்றுக்கொண்டு, அடுத்த கோரிக்கையில் திருப்பித் தர வேண்டும். என்ஜின்எக்ஸ் அதை உள்ளே விட வேண்டும். கடைசியில் ஆப் அதைப் படித்து, அந்த எண்ணுக்குரிய செஷனைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் எங்கே அறுந்தது என்று தெரியாமல் சேம்சைட்டில் கை வைத்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

மூன்று சோதனை செய்து முடிவை இங்கே போடுங்கள்.

ஒன்று, பிரவுசரில் டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் தாவல். அதில் ‘பிரிசர்வ் லாக்’ கட்டாயம் டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கம் மாறும்போது லாகின் கோரிக்கை பட்டியலிலிருந்து போய்விடலாம், நாம் பார்க்க வேண்டியதே அதைத்தான். லாகின் போஸ்ட்டின் (கடவுச்சொல்லை அனுப்பும் கோரிக்கையின்) பதிலில் செட்-குக்கீ வரி இருக்கிறதா? குரோம் என்றால், குக்கீயை அது நிராகரித்திருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும், மவுசை மேலே வைத்தால் காரணத்தையும் சொல்லும்.

இரண்டு, சர்வருக்குள் நுழைந்து, என்ஜின்எக்ஸைத் தாண்டி நேராக 3000க்கு கர்ல் (டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) மூலம் அதே லாகின் போஸ்ட்டை அனுப்புங்கள். ஹெடர் மட்டும் கேட்கும் பெரிய ஐ விருப்பத்தைப் பயன்படுத்தாதீர்கள். அது ஹெட் கோரிக்கை அனுப்பும், லாகின் நடக்காது. உண்மையான போஸ்ட் அனுப்பி, பதில் ஹெடர்களைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்று, அதே கர்லில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ: எச்டிடிபிஎஸ் என்ற ஹெடரை நீங்களே சேர்த்து மறுபடி ஒருமுறை.

ஓடம்

இவ்வளவு எதற்கு? செஷன் அமைப்பில் செக்யூர் ட்ரூ என்று இருக்கும், அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். எனக்கு இதே சிக்கல் வந்தபோது ஒரு நிமிடத்தில் சரியானது.

பழைய_சர்வர்

ஓடம், லாகின் ஓடத் தொடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிச் செய்து விட்டுவிடாதீர்கள்.

செக்யூர் இல்லாத குக்கீ, எச்டிடிபி வழியாகப் போகும் கோரிக்கையிலும் ஒட்டிக்கொண்டு போகும். நீங்கள் 80இல் (எச்டிடிபி போர்ட்டில்) வருபவர்களை 443க்கு ரீடைரக்ட் செய்யலாம். ஆனால் ரீடைரக்ட் ஆவதற்கு முன் கிளம்பிய அந்த முதல் கோரிக்கையிலேயே குக்கீ திறந்தபடி போயிருக்கும். பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவர் அந்த எண்ணை எடுத்துத் தன் பிரவுசரில் போட்டுக்கொண்டால், கடவுச்சொல் தெரியாமலே நிர்வாகப் பக்கத்துக்குள் வந்துவிடுவார். 2010இல் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி இதை ஒரு கிளிக்கில் செய்துகாட்டியது. பெரிய தளங்கள் லாகின் பக்கத்துக்கு மட்டுமன்றி எல்லாப் பக்கங்களுக்கும் எச்டிடிபிஎஸ் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, சேம்சைட் நன் என்று வைத்துவிட்டு செக்யூரை எடுத்தால் குரோம் அந்தக் குக்கீயை ஏற்கவே ஏற்காது. 2020இல் குரோம் 80 வந்ததிலிருந்து அதுதான் விதி.

நடுநிசி_நிரல், கட்டளைவரி கேட்ட மூன்றையும் முதலில் செய்யுங்கள். கூடவே டீபக் என்ற சூழல் மாறியில் எக்ஸ்பிரஸ்-செஷன் என்று கொடுத்து ஆப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குக்கீ வைக்காமல் விட்டால் ஏன் விட்டது என்று அந்த நூலகமே சொல்லும்.

நடுநிசி_நிரல்

செய்துவிட்டேன்.

பிரவுசரில் லாகின் போஸ்ட்டின் பதில் 302, லொகேஷன் /பேனல்/. செட்-குக்கீ வரியே இல்லை. மஞ்சள் முக்கோணமும் இல்லை.

3000க்கு நேராக அனுப்பிய கர்ல்: 302, அதிலும் செட்-குக்கீ இல்லை.

அதே கர்லில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ சேர்த்ததும் வந்துவிட்டது:

செட்-குக்கீ: கனெக்ட்.எஸ்ஐடி=(நீளமான எழுத்துகள்); பாத்=/; எச்டிடிபிஒன்லி; செக்யூர்; சேம்சைட்=லாக்ஸ்

டீபக்கோடு ஓட்டியபோது, பிரவுசரிலிருந்து செய்த ஒவ்வொரு லாகினுக்கும் ‘நாட் செக்யூர்ட்’ என்று ஒரு வரி விழுகிறது.

ஆனால் என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ இருக்கிறதே. இப்போதும் திறந்து பார்த்தேன், சர்வர் பிளாக்கில் கண் முன்னால் இருக்கிறது. அப்புறம் எப்படி?

பழைய_சர்வர்

பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். பிரவுசர் மேல் பழி இல்லை, சேம்சைட் மேலும் இல்லை. குக்கீ பிறக்கவே இல்லை.

செக்யூர் ட்ரூ என்றால், பேசுவது எச்டிடிபிஎஸ் இணைப்பில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எக்ஸ்பிரஸ்-செஷன் குக்கீ கொடுக்கும். என்ஜின்எக்ஸுக்கும் ஆப்புக்கும் நடுவில் ஓடுவது வெறும் எச்டிடிபி. வெளியே பயனர் எச்டிடிபிஎஸில் வந்தார் என்று ஆப்புக்குச் சொல்வது அந்த ஒரு ஹெடர்தான். அது வராவிட்டால் குக்கீயை அமைதியாக விட்டுவிட்டு, பதிலை மட்டும் அனுப்பிவிடும். பிழை காட்டாது என்பதுதான் இதில் கொடுமை.

நீங்கள் கோப்பில் பார்ப்பது வேறு, என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொண்டது வேறாக இருக்கலாம். பெரிய டி விருப்பத்தோடு என்ஜின்எக்ஸை ஓட்டினால் இன்க்ளூட் கோப்புகளும் சேர்த்து முழு அமைப்பையும் கொட்டும். அதிலிருந்து உங்கள் சர்வர் பிளாக்கையும் (முழுத் தளத்துக்கானது), அதற்குள் இருக்கும் /பேனல்/ லொகேஷன் பிளாக்கையும் (அந்தப் பாதைக்கு மட்டுமானது) முழுதாக ஒட்டுங்கள். ஒரு வரியும் விடாதீர்கள். ஆப்புக்குள் வரும் ஹெடர்களையும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள், முக்கியமாக ஹோஸ்ட் என்னவென்று.

நடுநிசி_நிரல்

சர்வர் பிளாக்கில்:

பிராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ $ஸ்கீம்;

லொகேஷன் /பேனல்/ பிளாக்கில்:

பிராக்ஸி_பாஸ் (127.0.0.1:3000);
பிராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1;
பிராக்ஸி_செட்_ஹெடர் அப்கிரேட் $எச்டிடிபி_அப்கிரேட்;
பிராக்ஸி_செட்_ஹெடர் கனெக்ஷன் "அப்கிரேட்";

ஆப்புக்குள் அச்சிட்டால் ஹோஸ்ட் 127.0.0.1:3000 என்று வருகிறது. எக்ஸ்-ஃபார்வர்டட் என்று தொடங்கும் ஹெடர் ஒன்றுகூட இல்லை.

கடைசி மூன்று வரியைப் பார்த்ததும் திக்கென்றது. அவை என்னுடையவை அல்ல. விசாரித்தேன். நேரடி அறிவிப்புகளுக்காக வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வேண்டும் என்று, எங்கள் குழுவிலேயே ஒருவர் பத்து நாள் முன்பு சேர்த்திருக்கிறார். என்ஜின்எக்ஸில் எதுவும் மாறவில்லை என்று உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் சிக்கல் தொடங்கி இரண்டு நாள்தானே ஆகிறது, அதுவரை எப்படி ஓடியது?

பழைய_சர்வர்

மன்னிப்பெல்லாம் வேண்டாம். இதில் விழாதவர்கள் குறைவு.

பிராக்ஸி_செட்_ஹெடருக்கு ஒரு விதி உண்டு, என்ஜின்எக்ஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. மேல் மட்டத்தில் எழுதியவை கீழ் மட்டத்துக்கு வர வேண்டுமானால், கீழ் மட்டத்தில் பிராக்ஸி_செட்_ஹெடர் என்று ஒரு வரிகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் போதும், மேலிருந்து வருவது அத்தனையும் நின்றுபோகும். மேலே உள்ளதோடு கீழே உள்ளதைச் சேர்த்துக்கொள்ளும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது சேர்ப்பதில்லை, மொத்தமாக மாற்றிவிடுகிறது.

உங்கள் லொகேஷனில் அப்கிரேட் வரியைச் சேர்த்த அந்த நிமிடமே ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ மூன்றும் போய்விட்டன. ஹோஸ்டைக் கேட்டது அதனால்தான். நாம் எதுவும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் பிராக்ஸி_பாஸில் உள்ள பெயரையே ஹோஸ்டாக அனுப்பும். ஆப்பில் 127.0.0.1:3000 என்று வந்தால், சர்வர் பிளாக்கின் வரிகள் இங்கே எட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பதிலில் ஹெடர் சேர்க்கும் ஆட்_ஹெடருக்கும் இதே குணம் உண்டு. பாதுகாப்பு ஹெடர்கள் ஒரு பக்கத்தில் வந்து இன்னொரு பக்கத்தில் வராமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அதுவரை ஓடிய கதைக்கு வருகிறேன். நீங்கள் செஷனை எங்கே சேமிக்கிறீர்கள்? வேறு ஸ்டோர் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் ஆப்பின் நினைவகத்தில்தான். நாட் செக்யூர்ட் சோதனை குக்கீ கொடுக்கும்போது மட்டும் நடக்கும், குக்கீயைப் படிக்கும்போது நடக்காது. ஏற்கெனவே குக்கீ வைத்திருந்தவர்கள் அதுவரை நிம்மதியாக வேலை செய்திருப்பார்கள். மூன்று நாள் முன்பு புதிய பதிப்பு ஏற்றியபோது ஆப் ரீஸ்டார்ட் ஆனது, நினைவகத்தில் இருந்த செஷன் எல்லாம் அழிந்தது. அப்புறம் எல்லோரும் புதிதாக லாகின் செய்ய வேண்டிய நிலை. அப்போதுதான் பழுது வெளியே தெரிந்தது. புதிய பதிப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சரிசெய்ய: அந்த மூன்று பொது வரிகளையும் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்யுங்கள். வெப்சாக்கெட் ஒரே ஒரு பாதையில்தான் என்றால் அதற்குத் தனி லொகேஷன் கொடுங்கள். சாதாரணப் பக்கங்களுக்கெல்லாம் கனெக்ஷன் அப்கிரேட் என்று அனுப்புவது சரியான பழக்கம் அல்ல. பிறகு சின்ன டி விருப்பத்தோடு சோதித்துவிட்டு ரீலோட்.

நடுநிசி_நிரல்

நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. செஷன் நினைவகத்தில்தான் இருந்தது. பொது வரிகளைத் தனிக் கோப்பாக்கி இரண்டு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்தேன். செட்-குக்கீ வருகிறது, எனக்கு லாகின் ஆகிறது. இரண்டு நாளுக்குப் பிறகு மூச்சு வந்தது.

ஆனால் முழுதாக முடியவில்லை. குழுவில் மூன்று பேருக்கு இன்னும் அதே சுழல். அவர்களுக்கும் செட்-குக்கீ வருகிறது, பிரவுசர் ஏற்றுக்கொள்கிறது, முக்கோணம் இல்லை. அப்படியும் அடுத்த கோரிக்கையில் லாகின் பக்கம். தனிப்பட்ட சாளரத்தில் திறந்தால் அவர்களுக்கும் வேலை செய்கிறது. குக்கீயை அழிக்கச் சொல்லலாம்தான், ஆனால் வெளியில் இன்னும் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

கட்டளைவரி

முதல் பதிவில் உங்கள் பட்டியலில் இருந்த ஒரு வரி இப்போது உதவுகிறது: பாத் முன்பு /பேனல் என்று இருந்தது, அதை / ஆக்கினேன் என்றீர்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவரிடம், லாகின் ஆன பிறகு /பேனல்/ கோரிக்கையில் போகும் குக்கீ வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்:

குக்கீ: கனெக்ட்.எஸ்ஐடி=பழையது; கனெக்ட்.எஸ்ஐடி=புதியது

ஒரே பெயர், இரண்டு குக்கீ. பெயர், டொமைன், பாத் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பிரவுசர் பழையதன் மேல் புதியதை எழுதும். பாத் மாறியதால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டது. /பேனல்/ பக்கத்துக்கு இரண்டுமே பொருந்துவதால் இரண்டையும் அனுப்புகிறது. எதை முதலில் அனுப்பும்? 2011இல் வந்த, குக்கீக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 6265இன்படி நீளமான பாத் உள்ளது முதலில். ஆக பழையதுதான் முன்னால் போகும். எக்ஸ்பிரஸ்-செஷன் பயன்படுத்தும் குக்கீ நூலகம், ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததை வைத்துக்கொள்ளும். பழைய எண்ணுக்குரிய செஷன் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிட்டது. அதனால் இவர் யாரோ என்று லாகினுக்கு அனுப்புகிறது. லாகின் செய்தால் புதிய குக்கீ / பாத்தில் மறுபடி எழுதப்படும், பழையது அப்படியே முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இதில் இன்னொரு சங்கடம், குக்கீ ஹெடரில் பெயரும் மதிப்பும் மட்டும்தான் போகும். எந்தப் பாத்துக்காக வைத்தது என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது. சர்வர் பக்கம் லாக் பார்த்தால் பிடிபடாது.

பயனர்களைத் தொந்தரவு செய்யாமல் சரிசெய்ய, குக்கீயின் பெயரையே மாற்றுங்கள். மாற்றும்போதே __ஹோஸ்ட்- என்ற முன்னொட்டோடு வையுங்கள், உதாரணமாக __ஹோஸ்ட்-எஸ்ஐடி. அந்த முன்னொட்டு இருந்தால், செக்யூர் இருக்க வேண்டும், பாத் / ஆக இருக்க வேண்டும், டொமைன் இருக்கவே கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பிரவுசர் அதை ஏற்காது. நாளை யாராவது தெரியாமல் பாத்தை மாற்றினால், இப்படி இரண்டு குக்கீ சேராமல் உடனே உடைந்து கண்ணில் படும். எனக்கு அது பெரிய நிம்மதி.

பழைய கனெக்ட்.எஸ்ஐடியை அழிக்க, அதே பெயரில், பாத்=/பேனல் என்று போட்டு, காலாவதியான ஒரு செட்-குக்கீயைச் சில வாரம் அனுப்புங்கள். பாத்தை விட்டுவிட்டால் அழியாது.

நடுநிசி_நிரல்

அப்படியேதான். இரண்டு கனெக்ட்.எஸ்ஐடி அடுத்தடுத்து, பழையது முன்னால். 30 நாள் ஆயுள் கொடுத்திருந்தோம், ஆக அது இன்னும் வாரக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும். பதற்றத்தில் பாத்தை மாற்றி நானே உண்டாக்கிய இரண்டாவது பழுது இது. பெயரை மாற்றிவிட்டேன். மூன்று பேருக்கும் சரியாகிவிட்டது, ஒருவரும் எதையும் அழிக்கவில்லை.

இரட்டைக்கரை

இதே இழையில் கேட்கலாமா? எனக்குச் சுழல் இல்லை, ஆனால் லாகின் ஆன பிறகு பக்கத்தைப் புதுப்பித்தால் சில சமயம் உள்ளே இருக்கிறேன், சில சமயம் வெளியே. கிட்டத்தட்ட நாலில் ஒரு முறைதான் உள்ளே. செட்-குக்கீ ஒழுங்காக வருகிறது, ஒரே குக்கீதான் போகிறது. பிஎம்2இல் (நோட் ஆப்களை ஓட்டும் கருவி) கிளஸ்டர் முறையில் 4 பிராசஸ், அதாவது ஒரே ஆப்பின் 4 பிரதிகள். என்ஜின்எக்ஸில் ஐபி_ஹாஷ் (ஒரே ஐபியிலிருந்து வருபவரை ஒரே இடத்துக்கு அனுப்புவது) போட்டும் மாறவில்லை.

பழைய_சர்வர்

நாலில் ஒன்று, 4 பிராசஸ். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம். லாகின் செய்த பிராசஸ் ஒன்றுக்கு மட்டுமே உங்களைத் தெரியும்.

ஐபி_ஹாஷ் ஏன் உதவவில்லை என்றால், கிளஸ்டர் முறையில் நான்கும் ஒரே போர்ட்டில் கேட்கின்றன. என்ஜின்எக்ஸுக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரி. யாருக்கு எந்தப் பிராசஸ் என்று பிரிப்பது நோடின் கிளஸ்டர், அது என்ஜின்எக்ஸின் கைக்கு எட்டாத இடம். நான்கையும் தனித்தனிப் போர்ட்டில் ஓட்டினால் ஐபி_ஹாஷ் வேலை செய்யும். ஆனால் அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதியை வைத்துத்தான் பிரிக்கும். ஒரே அலுவலகத்திலிருந்து வருபவர்கள் அத்தனை பேரும் ஒரே பிராசஸில் குவிவார்கள்.

செஷனைப் பொதுவான இடத்துக்குக் கொண்டுபோங்கள். ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் போதும். நினைவக ஸ்டோர் நேரடிப் பயன்பாட்டுக்கு அல்ல, ஒரு பிராசஸுக்கு மேல் தாங்காது என்று எக்ஸ்பிரஸ்-செஷனே தொடக்கத்தில் எச்சரிக்கை அச்சிடும், லாகில் தேடினால் கிடைக்கும். மாறிய பிறகு, லாகின் முடிந்து ரீடைரக்ட் செய்வதற்கு முன் செஷனைச் சேமிக்கும் ‘சேவ்’ செயலை நீங்களே அழைத்து, அது முடிந்த பிறகு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ரெடிஸில் எழுதி முடிப்பதற்குள் பிரவுசர் அடுத்த பக்கத்துக்கு வந்து நிற்கும்.

சுமைதாங்கி

எங்கள் என்ஜின்எக்ஸுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்ஸர் (வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவது) இருக்கிறது, டிஎல்எஸ் அங்கேயே முடிகிறது. லொகேஷனில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ $ஸ்கீம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நாட் செக்யூர்ட் வருகிறது.

கட்டளைவரி

$ஸ்கீம் என்பது என்ஜின்எக்ஸுக்கு வந்த இணைப்பின் வகை. உங்களுக்கு அது 80இல் வருவதால் எப்போதும் எச்டிடிபிதான். லோட் பேலன்ஸர் சரியாக எச்டிடிபிஎஸ் என்று எழுதி அனுப்பியதை நீங்களே எச்டிடிபி என்று மாற்றி எழுதுகிறீர்கள். $ஸ்கீமுக்குப் பதில் $எச்டிடிபி_எக்ஸ்_ஃபார்வர்டட்_ப்ரோட்டோ, அதாவது வந்த மதிப்பை அப்படியே கடத்துங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை: அந்த 80க்கு லோட் பேலன்ஸர் தவிர வேறு யாரும் வர முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால், அந்த ஹெடரை அவர்களே இஷ்டத்துக்கு எழுதி அனுப்பலாம். பிராக்ஸி இரண்டு ஆனதால் எக்ஸ்பிரஸில் டிரஸ்ட் பிராக்ஸியையும் 2 ஆக்குங்கள். குக்கீக்கு அது தேவைப்படாது, ஆனால் பயனரின் உண்மையான ஐபி முகவரி வர அது வேண்டும்.

வெள்ளைத்தாள்

வேறு மாதிரி ஒன்று. வேகத்துக்காக என்ஜின்எக்ஸில் பிராக்ஸி_கேஷ் (பதில்களைச் சேமித்து வைத்து மறுபடி தருவது) போட்டோம். எதுவுமே கேஷ் ஆகவில்லை. தேடியபோது பிராக்ஸி_இக்னோர்_ஹெடர்ஸில் செட்-குக்கீ, கேஷ்-கன்ட்ரோல் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்ததும் நன்றாகக் கேஷ் ஆனது. நேற்றிலிருந்து ஒன்றிரண்டு பேர், உள்ளே நுழைந்தால் வேறொருவர் பெயர் தெரிகிறது என்கிறார்கள். இதற்கும் குக்கீயின் பாத் தான் காரணமா?

பழைய_சர்வர்

இதைப் படித்தவுடன் கேஷை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

செட்-குக்கீ உள்ள பதிலை என்ஜின்எக்ஸ் இயல்பாகக் கேஷ் செய்யாது. அது உங்களைக் காப்பாற்ற இருந்த வேலி. அதைப் புறக்கணிக்கச் சொன்னதும், முதலில் லாகின் ஆனவரின் பக்கம் அவருடைய செட்-குக்கீயோடு சேர்ந்து கேஷில் போய்விட்டது. எந்தப் பதிலைத் தருவது என்று கேஷ் பார்க்கும் சாவியில் இயல்பாகக் குக்கீ கிடையாது. ஸ்கீம், பிராக்ஸி ஹோஸ்ட், முகவரி இவ்வளவுதான். அடுத்து அதே முகவரியைக் கேட்டவருக்கு முதலாமவரின் பக்கம் போகும், கூடவே அவர் செஷன் குக்கீயும் போகும். அவர் பார்ப்பது வெறும் பெயர் அல்ல, அந்தக் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் கேஷ் அமைப்புப் பிழையால், ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் தனிப்பட்ட விவரங்கள் இருந்த பக்கங்கள் அதில் அடங்கும். உலகின் பெரிய தளங்களுக்கே நடந்தது.

வரிசையாகச் செய்யுங்கள். அந்த இக்னோர் வரியை எடுத்துவிட்டு ரீலோட். கேஷ் அடைவைக் காலி செய்யுங்கள். செஷன் ஸ்டோரை முழுதாக அழித்து எல்லோரையும் வெளியேற்றுங்கள், ஏனென்றால் யாருடைய குக்கீ யாரிடம் இருக்கிறது என்று இப்போது உங்களால் சொல்ல முடியாது. நேற்றிலிருந்து நடந்த மாற்றங்களின் லாகை எடுத்து வைத்து, பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்லுங்கள்.

கேஷ் வேண்டுமானால் படம், ஸ்டைல், ஸ்கிரிப்ட் இருக்கும் பாதைக்கு மட்டும் தனி லொகேஷனில் போடுங்கள். லாகின் ஆனவர்களின் பக்கங்கள் அந்த வழியே வேண்டாம்.

வெள்ளைத்தாள்

நிறுத்திவிட்டேன். கேஷ் காலி, செஷன் காலி. லாகை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நடுநிசி_நிரல்

என் பக்கம் கடைசி நிலவரம். செஷன் ரெடிஸுக்குப் போய்விட்டது, இனி ரீஸ்டார்ட் ஆனாலும் யாரும் வெளியேற மாட்டார்கள். சேம்சைட் லாக்ஸ். தேவையில்லாமல் சேர்த்த பிராக்ஸி_குக்கீ_பாத்தை எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு முறை ஆப்பையோ என்ஜின்எக்ஸையோ ரீலோட் செய்த பிறகும் ஓட ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பழைய குக்கீ எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து, சோதனைக் கணக்கில் புதிதாக லாகின் செய்யும். பதிலில் __ஹோஸ்ட்-எஸ்ஐடி என்ற செட்-குக்கீ ஒன்றே ஒன்று வர வேண்டும், அதை வைத்து /பேனல்/ கேட்டால் 200 (சரி என்ற பதில்) வர வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் எச்சரிக்கை போகும். பத்து நாள் முன்பு இது இருந்திருந்தால், அப்கிரேட் வரி சேர்த்த அன்றே தெரிந்திருக்கும். வெப்சாக்கெட் வரியைச் சேர்த்தவரே உட்கார்ந்து அதை எழுதிக் கொடுத்தார். இன்று காலை மூன்று முறை ரீலோட் செய்து பார்த்தோம், மூன்று முறையும் 200.